உம்பாய்க் கரையில் ஊதாச் சேறு

போன பள்ளி விடுமுறையில், மலாக்கா பக்கத்துக் கடலோர ஊரான உம்பாய்க்குப் போய் வந்தேன். எல்லாரும் சுட்ட மீன் சாப்பிடப் போவார்கள். நான் போனது சேற்றைப் பார்க்க.

என் கணவர் முகிலன் உம்பாய்க்காரர். இரண்டு வருடமாக ஜெர்மனியில் ஆய்வு செய்கிறார். வெயிலைத் தின்று வாழும் ஊதா பாக்டீரியாக்களின் மூலக்கூறுகள், வாங்கிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி உமிழும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை அளப்பதுதான் அவர் வேலை. உள்ளே போன ஆற்றல் ஒரே மூலக்கூறில் நிற்காமல், ஒரே சமயத்தில் பல மூலக்கூறுகளில் பரவி நிற்குமாம். அந்தக் குவாண்டம் விளைவை, வெளியே வரும் ஒளி காட்டிக்கொடுக்கும்.

சின்ன வயதில் ஊர்க் கரையில் பார்த்த ஊதாச் சேறுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்பார். நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, "இன்னும் மூனு வருசம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்ல?" என்று கேட்டார். மறுநாளே மலாக்காவுக்கு டிக்கெட் எடுத்தேன்.

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து உம்பாய்க்கு டாக்சியில் அரை மணிக்கும் குறைவு.

"அங்க ஒன்னும் இல்ல லா தங்கச்சி, வெறும் சேறு," என்றார் ஓட்டுநர் செல்வம் அண்ணன்.

"சேறுதாண்ணே வேணும்."

சிரித்துவிட்டு அவரும் கூடவே இறங்கி வந்தார். கண்டல் மரங்களுக்கு நடுவே தேங்கிய குட்டையில், ரோஜா நிறம் கலந்த ஊதாப் படலம் இருந்தது. முகிலனை வீடியோவில் அழைத்தேன். அங்கே காலை நேரம்.

"இன்னும் கீழ காட்டு... அதான், அதேதான்!" என்று கத்தினார். பிறகு தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அளந்த ஒளியின் கோடு மலை போல் ஏறி இறங்கியது.

"நேத்து கிடைச்சது. ஆற்றல் பரவித்தான் நிக்குது, பாத்தியா?"

கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. 'வந்துடுங்க' என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"வாசம் வருதா?" என்றார்.

"அழுகின முட்டை மாதிரி."

"இங்க எல்லாம் இருக்கு. அது மட்டும் இல்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருக்கேன்னு சொல்லிடுங்க," என்றேன். "நான் ஸ்கூல்ல சம்பளமில்லா லீவு கேட்டுப் பாக்கறேன். கிடைச்சா வந்துடறேன்."

செல்வம் அண்ணன் கடலைப் பார்த்தபடி தள்ளி நின்றுகொண்டார்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சேற்றைக் கிளறாதீர்கள். முடிந்தால், இரண்டு பேராகப் போங்கள்.