கிளியின் சிறகை மறைத்த கட்டைவிரல்

சுதேசிக் கிளர்ச்சியை அடக்கிய கையோடு, திருநெல்வேலிச் சீமையில் சர்க்கார் வீடு வீடாகச் சோதனையிட்டு வந்த காலம் அது. தாமிரபரணிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய தெருவொன்றில் நான் குடியிருந்தேன். பள்ளியில் தமிழ்ப் பண்டிதன். ஒரு நாள் முற்பகலில் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் சேவகர்களுடன் உள்ளே நுழைந்து, புத்தக அலமாரியைத் திறக்கச் சொன்னார்.

அவர் தேடியது ஒரு நாவல். அதன் கடைசி அதிகாரம் இராஜத் துரோகமானது என்று முதற்பதிப்பைத் தடை செய்திருந்தார்கள். அவ்வதிகாரத்தை நீக்கி வெளிவந்த இரண்டாம் பதிப்புக்குத் தடையில்லை. முன்னதை வைத்திருப்பவனுக்குச் சிறை. என்னிடம் இருந்தது எது? எனக்கே தெரியாது, திருச்செந்தூர்த் திருவிழாக் கடையில் பழம் பிரதியாக வாங்கியது.

எந்தப் பதிப்பு என்பது அந்நாளில் வண்ணக் காகித மேலுறையில் மட்டுமே அச்சாகியிருக்கும். நாலைந்து நாவல்களை ஒன்றாகச் சேர்த்துத் தோலட்டை கட்டும்போது, அவ்வுறைகளைக் குப்பை என்று கிழித்தெறிவது எங்களைப் போன்றோர் வழக்கம். நானும் அவ்வாறே செய்திருந்தேன். போதாக்குறைக்கு, தொகுப்பின் இறுதியில் இருந்த அந்நாவலின் கடைசி ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் சிரித்தார். “உம்ம வீட்டுக் கரையானுக்குச் சர்க்கார் உத்தரவெல்லாம் தெரியுமோ வே? சரியா அந்த இடத்தப் பாத்துத் தின்னுருக்கு!”

கதவுக்குப் பின்னால் என் மனைவியின் வளையல் ஓசை கேட்டது.

பதிப்பை அடையாளம் காட்டுவதற்காகப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியின் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்து வந்திருந்தார்கள். நான் அதற்குமுன் கண்டிராதவர். அவர் இரு பதிப்புகளின் பிரதிகளையும் என் பிரதிக்கு இருபுறமும் விரித்து வைத்தார். ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட கிளிப்படம் இருந்தது. அக்கட்டை பின்னர் விரிசல் கண்டிருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பில் கிளியின் சிறகுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு ஓடியது. முதற்பதிப்பில் அது இல்லை.

என் பிரதியிலும் இல்லை.

நான் கண்டதை அவரும் கண்டார். ஒரு கணம் என்னை ஏறிட்டு நோக்கினார். பிறகு அவருடைய கட்டைவிரல் மெல்ல நகர்ந்து சிறகின்மேல் அமர்ந்தது.

“அச்செழுத்து தேஞ்சிருக்கு பாருங்கய்யா, பெறவு அடிச்சது. இது ரெண்டாம் பதிப்புதான்.”

“வாத்தியாரே, நாளைக்குக் கோர்ட்டுல வேதப் பொஸ்தகத்தத் தொட்டுச் சொல்லுவீரா?”

ஆசிரியரின் முகம் வெளிறியது. கட்டைவிரல் சிறகைவிட்டு நகரவில்லை.

“சொல்லுதேன்” என்றார்.

தொகுப்பை என் காலடியில் எறிந்துவிட்டு அவர்கள் போனார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்க்கவில்லை. “அத இங்கன தாங்க” என்று வாங்கிய என் மனைவி நேரே அடுப்பங்கரைக்குச் சென்றாள். வழக்கு எதுவும் வரவில்லை. சில மாதங்கள் கழித்துப் பாளையங்கோட்டையில் அந்த ஆசிரியரைக் கண்டு கைகூப்பினேன். அறியாதவர்போல் விலகி நடந்தார்.

சிறைக்கு அஞ்சிய அச்சம் என்றோ தீர்ந்துவிட்டது. முன்பின் அறியாத என்பொருட்டுப் பொய் சொன்ன அந்த மனிதர், தம் ஆண்டவர் முன் மண்டியிட்டபோதெல்லாம் என்ன பாடுபட்டிருப்பாரோ என்ற அச்சம் மட்டும் இன்றளவும் தீரவில்லை.