பூதக்கண்ணாடி அக்கா வாங்கிய மூச்சு மெஷின்

சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. வெட்டி, தைத்து, பட்டன் வைத்துத் தேய்த்து வரும் ஒவ்வொரு சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் அட்டைப்பெட்டிக்குள் போக வேண்டும். காலரை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பாள். கக்கத்துத் தையலுக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். கடைசியில் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்ப்பாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எண்ணெய்க் கறையை ஸ்பிரே அடித்து எடுத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மருந்து வாசனை துணியை விட்டுப் போக நாலு நாளாகும். மறைத்த கறையை அவள் மூக்கால்தான் பிடிப்பாள்.

பத்தொன்பது வருஷமாக இதே வேலை. நேரில் பூதக்கண்ணாடி அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அக்கா போய்விடும், வெறும் பூதக்கண்ணாடி. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவளின் மேசையைத் தாண்டிப் போன ஒரு பெட்டி திரும்பி வந்தது. இருபத்துநாலு சட்டையிலும் இடது கையை வலப்பக்கமும் வலது கையை இடப்பக்கமும் வைத்துத் தைத்திருந்தார்கள். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் பிழை. ஒவ்வொன்றிலும் அவளுடைய பதினேழாம் நம்பர் முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "உங்க கண்ணைத் தாண்டி இது எப்படிப் போச்சு? அந்தத் தையல் லைன்ல உங்களுக்கு வேண்டப்பட்டவங்க யாராவது இருக்காங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷம் அடுத்தவர் வேலையைச் சந்தேகப்பட்டவளை இன்று ஒருவர் சந்தேகப்படுகிறார். யோசித்துப் பார்த்தாள். அந்தக் கட்டைப் பிரித்தது நினைவிருக்கிறது. பெட்டியை மூடியது நினைவிருக்கிறது. நடுவில் வெள்ளைக் காகிதம் மாதிரி வெறுமை. மேனேஜர் தன் சந்தேகத்தை ரிஜிஸ்தரில் எழுதிவைத்தார்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காலையில் எழுந்தால் தலை பாறை மாதிரி கனக்கும். பதினொரு மணிக்கு நின்றுகொண்டே கண் சொருகும். யாரோ டீயில் எதையோ கலக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கேன்டீன் டீயை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுபோனாள். ஒரு வாரம் அதைக் குடித்துவிட்டும் அதே தூக்கம். டீக்காரர் தப்பித்தார்.

அடுத்து மாட்டியவர் கணவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். "முதுகு வலிக்குது, தரையில படுத்தாதான் சரியா வருது" என்றார். முதுகு வலிக்கிற மனுஷன் ஒரு நாள்கூடத் தைலம் கேட்டதில்லை. சில நாள் கண்விழித்தால் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பார், கையில் போன் இருக்கும். கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்பார். தண்ணீர் இருப்பது சமையலறையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனதும் அவள் போனை எடுத்துவிட்டாள். செய்திகளில் ஒன்றுமில்லை. அழைப்புகளில் டிப்போவும் மெக்கானிக்கும்தான். ஒலிப்பதிவு என்ற இடத்தில் மட்டும் தேதி போட்டுப் பதினொரு பதிவுகள். முதலாவதைத் தட்டினாள்.

யாரோ பச்சை மரத்தை ரம்பத்தால் அறுக்கும் சத்தம். அறுத்துக்கொண்டே போய் நின்றது. ஒன்றுமில்லை. அவள் மனதுக்குள் எண்ணினாள், இருபத்தைந்துவரை போயிற்று. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு பெரிய இழுப்பு. மறுபடி ரம்பம்.

ஈரத் தலையோடு கணவர் வாசலில் நின்றார்.

"இது யாரு?" என்றாள்.

"நீதான்."

"நான் குறட்டை விட மாட்டேன்."

"குறட்டைன்னா பரவாயில்லையே" என்றார் அவர். "குறட்டை கேட்டா நிம்மதியா இருப்பேன். அது நிக்கிறப்பதான் பயம். திரும்ப வருமா வராதான்னு வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டு இருப்பேன். உன்கிட்ட சொன்னா, என்னைக் குத்தம் சொல்றியான்னு ஒரு வாரம் பேச மாட்ட. டாக்டர்கிட்ட போட்டுக் காட்டலாம்னுதான் பதிஞ்சு வச்சேன். அதுக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போகணுமே."

பொய் என்று சொல்ல வழியில்லை. அந்த இழுப்பின் முடிவில் வந்த சின்ன முனகல் அவளுடையதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தங்கித் தூங்கிக் காட்டச் சொன்னார்கள். டெக்னீஷியன் பெண் ஒருத்தி தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். மூன்றாம் நாள் டாக்டர் காகிதத்தை நீட்டினார்.

"ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னு போகுது. உங்களுக்கு மணிக்கு முப்பத்தெட்டு தடவை. இது கடுமையான அளவு. பகல் தூக்கம், தலைவலி, மறதி எல்லாம் இதனாலதான்."

அவள் காகிதத்தை வாங்கி, தையலைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "சார், எனக்கு வயசு அம்பத்தொண்ணு. இதுல அம்பத்திமூணுன்னு போட்டிருக்கு. இது என்னோட ரிப்போர்ட்தானா?"

டாக்டர் டெக்னீஷியனைக் கூப்பிட்டார். அவள் முகம் சுளிக்காமல் கம்ப்யூட்டரைத் திருப்பி, அக்கா தூங்கியபோது எடுத்த வீடியோவைப் போட்டாள். கட்டிலில் ஒயரும் பட்டையுமாகக் கிடப்பது தான்தான் என்று அக்கா பார்த்துக்கொண்டாள். நெஞ்சு ஏறுவதற்குத் தவிக்கிறது, ஏறவில்லை. பக்கத்தில் ஆக்சிஜன் கோடு படியிறங்குவதுபோல் இறங்குகிறது. பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் வயதைத் திருத்தி மறுபடி அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள்.

தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின் வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதினார். கிளம்பும்போது டெக்னீஷியன் பெண் தன் நம்பரைக் கொடுத்து, "ஏதாவது சந்தேகம்னா கேளுங்கக்கா" என்றாள். யாரிடம் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அக்கா வெளியே வந்ததும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு கடையின் பெயரும் விலாசமும் இருந்தன.

"பாத்தீங்களா" என்றாள் கணவரிடம். "வியாதியையும் சொல்லி, கடையையும் சொல்லிட்டாரு."

"வேற கடைக்குப் போவமா?"

"வேண்டாம். இங்கயே போவோம். என்னதான் பண்றாங்கன்னு பாப்போம்."

கடை குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய விற்பனையாளர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரே அழுத்தத்தில் காற்று தரும் மெஷின் ஒன்று, மூச்சுக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் ஒன்று. டாக்டர் எழுதியிருந்தது ஆட்டோ. முகமூடியில் மூன்று வகை: மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது. எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லி முடித்தார். அக்கா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"சத்தம் வருமா?"

"ஃபேன் சத்தம்கூட இருக்காது மேடம்."

"தண்ணி எதுக்கு ஊத்தணும்?"

"காத்துல ஈரம் இல்லைன்னா தொண்டை காஞ்சிரும். காய்ச்சி வடிகட்டின தண்ணிதான் ஊத்தணும், இல்லைன்னா உப்புப் படியும்."

"உள்ள சிம் கார்டு இருக்காமே. அது எதுக்கு?"

"நீங்க எத்தனை மணி நேரம் போட்டீங்க, மூச்சு எத்தனை தடவை நின்னுச்சு, எல்லாம் டாக்டருக்குப் போயிரும். எங்களுக்கும் வரும்."

"நான் தூங்கறது உங்களுக்கு எதுக்கு?"

அவர் சிரித்தார். அக்கா நோட்டில் எழுதினாள்: சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இன்றைக்கே எடுத்தால் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். வேகமாக டேப்பைக் கிழிக்கப் போனவரின் கையை அவள் நிறுத்தினாள். பத்தொன்பது வருஷமாகப் பெட்டி ஒட்டுவதைப் பார்த்தவள். டேப்புக்கு அடியில் அட்டையின் மேல்தோல் உரிந்து சொரசொரவென்று இருந்தது. ஒரு தடவை ஒட்டி, பிரித்து, அதன்மேல் மறுபடி ஒட்டினால்தான் அப்படி உரியும். "பிரிங்க" என்றாள்.

மெஷின் பளபளவென்று இருந்தது. தண்ணீர்த் தொட்டி புதிது, குழாய் புதிது. அவள் அதைத் தூக்கி, காற்று வரும் வாயை மூக்கருகே கொண்டுபோனாள். விற்பனையாளரின் சிரிப்பு முதன்முறையாகக் கொஞ்சம் சுருங்கியது.

"ஸ்பிரிட் வாசனை வருதே."

"சுத்தமா இருக்கணும்னு துடைச்சு வைப்போம் மேடம்."

"புதுப் பொருளை எதுக்குங்க துடைக்கணும்?"

"தூசி படியும்ல மேடம்."

"ஒட்டின பெட்டிக்குள்ளயா?"

அதுவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வந்தார். "பழைய வண்டி வாங்கினா கிலோமீட்டர் பாப்போம். இதுல ஓடின கணக்கு எங்க இருக்கு?"

விற்பனையாளர் ஒரு பட்டனைத் தட்டிக் காட்டினார். பயன்படுத்திய நேரம்: பூஜ்யம். "பாத்துக்கோங்க சார், பூஜ்யம்."

வண்டி மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்களைப் பற்றிக் கணவர் ஆயிரம் கதை சொல்லியிருக்கிறார். அக்கா அங்கேயே நின்று டெக்னீஷியன் பெண்ணுக்குப் போன் போட்டாள். அவள் சொன்னாள்: "அது ஆளுக்கான கணக்குக்கா, அதை அழிச்சிரலாம். மோட்டார் ஓடின கணக்கு வேற இருக்கு, அதை அழிக்க முடியாது. அந்தத் திருகுற பட்டனையும் பக்கத்துல இருக்கற பட்டனையும் சேத்து மூணு செகண்ட் அழுத்திப் பிடிங்க."

அக்கா அழுத்திப் பிடித்தாள். வேறொரு பட்டியல் திறந்தது. அதன் கடைசி வரியில்: மோட்டார் ஓடிய மணி நேரம், 2914.

கணவர் மனக்கணக்குப் போட்டார். "தினம் எட்டு மணி நேரம்னா ஒரு வருஷம்."

"சர்வீசுக்கு வந்தது மாறி வந்திருக்கும் மேடம்" என்றார் விற்பனையாளர். "வேற எடுத்துட்டு வரேன்."

அக்கா மெஷினைக் கீழே வைக்கவில்லை. அவளுக்குக் கோபம் வருமென்று கணவர் எதிர்பார்த்தார். வந்தது வேறு ஏதோ. "யாரோ ஒருத்தர் ஒரு வருஷம் இதுல மூச்சு விட்டிருக்காரு" என்றாள். "அவர் இப்ப எங்க?"

விற்பனையாளர் டையைச் சரிசெய்தார். அவள் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, மெஷினை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

அந்தப் படத்தோடு நேரே டாக்டரிடம் போனாள். அவர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு மேசையிலிருந்த மருந்துச்சீட்டுக் கட்டை எடுத்து, அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"இந்தச் சீட்டையெல்லாம் அந்தக் கடைக்காரங்கதான் அச்சடிச்சுக் கொடுப்பாங்க. நான் அடியில இருக்கறதைப் படிச்சதே இல்லை" என்றார். கட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெள்ளைத்தாளில் மறுபடி எழுதினார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி நம்பினாள். மீதிப் பாதியை அவள் யாருக்குமே தருவதில்லை. படத்தை இணைத்து நுகர்வோர் அலுவலகத்துக்கும் ஒரு மனு எழுதிப் போட்டாள்.

முகமூடி தேர்ந்தெடுக்க டெக்னீஷியன் பெண் தன் அறையிலேயே இடம் கொடுத்தாள். "உக்காந்து போட்டுப் பாத்தா எல்லாமே பொருந்தும்கா. காத்தை ஓடவிட்டுப் படுத்துப் பாக்கணும். எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"இடது பக்கம்."

மூக்கையும் வாயையும் மூடுவது, அவள் இடப்பக்கம் திரும்பியதுமே மூக்கின் மேட்டில் காற்றை விட்டு உஸ்ஸென்றது. துவாரத்தில் பொருந்துவது தும்மலைக் கிளப்பியது. மூன்றாவது, மூக்கை மட்டும் மூடுவது, பட்டையின் தையலைப் பார்த்ததும் தள்ளுபடி. "இது மூணு மாசம்கூடத் தாங்காது. நூல் விலகி நிக்குது பாரு." அதே வகையில் வேறு கம்பெனியின் நடுத்தர அளவு ஒன்று கன்னத்தில் பதிந்து, சத்தமில்லாமல் நின்றது. அரை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து, "இது பரவாயில்லை" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்று கணவர் டெக்னீஷியனிடம் விளக்கினார்.

மெஷின் இன்னொரு விநியோகஸ்தரிடமிருந்து வந்தது. பிடிக்காவிட்டால் இரண்டு வாரத்தில் திருப்பித் தரலாம் என்ற பேச்சை எழுத்தில் வாங்கினாள். பெட்டி அவள் கண்ணெதிரே பிரிக்கப்பட்டது. முதல் வேலையாக இரண்டு பட்டனையும் அழுத்திப் பிடித்தாள். மோட்டார் ஓடிய மணி நேரம், பூஜ்யம். மோந்தும் பார்த்தாள். பிளாஸ்டிக் வாசனை.

முதல் வாரம் காலையில் பார்த்தால் முகமூடி தலையணைக்கு அடியில் கிடந்தது. அவள் கணவரைக் கூண்டில் ஏற்றினாள். "நீங்கதான கழட்டறீங்க?"

"நான் எதுக்குக் கழட்டப்போறேன்? நீயே தூக்கத்துல பிடுங்கி எறியற."

நம்பவில்லை. டெக்னீஷியனைக் கேட்டாள். பழகும்வரை பலபேர் தெரியாமலே கழற்றிவிடுவார்கள் என்றாள் அவள். பகலில் வேலை இல்லாத நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று யோசனையும் சொன்னாள். அக்கா முகமூடியோடு உட்கார்ந்து காய்கறி நறுக்கினாள். பத்தாம் நாள் காலை அலாரம் அடித்தபோது முகமூடி முகத்தில் இருந்தது. தலை கனக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்து, எங்கே கனம் என்று தேடிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் படித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் நகரவில்லை. "வேண்டப்பட்டவங்களுக்காக விட்டுட்டேன்னு ரிஜிஸ்தர்ல எழுதியிருக்கீங்க சார். அதை அடிச்சிட்டு, பக்கத்துல உண்மையை எழுதி கையெழுத்துப் போடுங்க." அவர் எழுதினார். அவள் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் விட்டுப்போன தேதியையும் போடச் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கம்ப்யூட்டரில் அவளுடைய கணக்கைப் பார்த்தார். தினம் சராசரி ஆறே முக்கால் மணி நேரம் முகமூடி போடுகிறாள். காற்றுக் கசிவு இல்லை. "முப்பத்தெட்டு இருந்தது, இப்ப மணிக்கு மூணு. ரொம்ப நல்லா இருக்கு. அஞ்சுக்குக் கீழ இருந்தா போதும்."

"மூணு எதுக்கு சார் வருது?"

"அது எல்லாருக்கும் வரும்மா. எனக்கும் வரும்."

"நீங்க டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பண்ணிக்கொண்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். அக்கா நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.