மஞ்சத் துணியும் கம்ப்யூட்டர் ரூமும்

பிள்ளைங்க கையில சாயத்தைக் குடுத்துட்டு, அப்புறம் அவங்க அம்மாமாருக்குப் பதில் சொல்றதுதான் நம்ம தொழில். இதே வேலை பார்க்கறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க கையும் மஞ்சளாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

கொச்சி மட்டாஞ்சேரியில ஒரு ஸ்கூல்ல சனிக்கிழமை மட்டும் எனக்கு ஒரு ரூம். இலை, பூ, மஞ்சள் வெச்சு துணியில படம் பண்ணச் சொல்லித் தரணும். அங்கே எல்லாருக்கும் நான் 'மாஷ்', அதாவது வாத்தியார். மத்த நாள்ல மேடையில மிமிக்ரி.

கல்லுச் சத்தம்

துணி மடிப்புக்குள்ள இலையை வெச்சுக் கல்லால தட்டினா, இலை அப்படியே துணியில பதியும். ஒரு கிளாஸே சேர்ந்து தட்டினா கப்பல் பட்டறைதான். அடக்க முடியாம, ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் குரல்ல "சைலன்ஸ்!"னு ஒண்ணு விட்டேன். என் பிள்ளைங்க கப்சிப். பக்கத்து கிளாஸ் டீச்சரும் எந்திரிச்சு நின்னுட்டாங்களாம்.

திரும்பினா வாசல்ல நிஜ சிஸ்டர். திட்டலை. அதுதான் பயமா இருந்துச்சு. "மாஷே, கம்ப்யூட்டர் வருது, ரூம் வேணும். பேரண்ட்ஸ் டேக்கு உங்க பிள்ளைங்க என்ன படிச்சாங்கன்னு காட்டுங்க. எனக்குப் புரிஞ்சா ரூம் உங்களுக்கு, புரியலைன்னா கம்ப்யூட்டருக்கு."

இயற்கை எங்கே?

எனக்கே புரியாததை சிஸ்டருக்கு எப்படிப் புரிய வைக்கறது? சரி, வீட்டைச் சுத்தி இருக்கற இலையெல்லாம் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டேன். பிள்ளைங்க இருக்கற கொச்சங்காடியில வீட்டைச் சுத்தி இருக்கறது குடோன். ஒருத்தன் சுக்கு மூட்டையில இருந்து ஒரு துண்டு சாக்கு கிழிச்சுட்டு வந்தான். இன்னொருத்தி பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்.

சபீனா மட்டும் ஒரு கட்டு கொத்தமல்லி. ஆஹா, பச்சைன்னா இது பச்சைன்னு நான் கல்லைத் தூக்கறேன், அவ அம்மா நூர்ஜஹான் இத்தா, இங்கே அக்காவை அப்படித்தான் சொல்வாங்க, மூச்சு வாங்க ஓடி வர்றாங்க. "மாஷே, படம் புடிச்சுட்டு அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க, ராத்திரி கறிக்கு வேணும்!"

துவைச்ச துணி

ஒருவழியா தேக்கிலை, செம்பருத்தி எல்லாம் தேடிப் பிடிச்சு, மஞ்சள்ல முக்கின ஒரு வேட்டி முழுக்கப் பதிச்சோம். காயப்போட ஸ்கூல்ல இடமில்லை. சபீனா வீட்டு மாடிக்கு அனுப்பினேன்.

பேரண்ட்ஸ் டே காலையில இத்தா துணியை அயர்ன் பண்ணி, மடிச்சு, கொண்டு வந்தாங்க. விரிச்சேன். இலையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஒரே ரத்தச் செவப்பு. நான் இத்தாவைப் பார்க்கறேன், இத்தா என்னைப் பார்க்கறாங்க. "பெரிய பெரிய ஆளுங்க வருவாங்களேன்னு சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேச்சேன் மாஷே. கறை போயிருச்சு. அல்லா மேல ஆணையா, இந்தச் செவப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது!"

பேரண்ட்ஸ் டே

வேற வழி? செவப்புத் துணியையே தொங்கவிட்டேன். கீழே பிள்ளைங்க எழுதின அட்டை: 'மஞ்சள்'. சிஸ்டர் அட்டையைப் பார்த்தாங்க, துணியைப் பார்த்தாங்க, "எந்தா மாஷே இது?"ன்னாங்க. வாயைத் திறந்தேன். ஊர்ல இருக்கறவங்க குரலெல்லாம் வர்ற வாயில என் குரல் வரலை.

அம்மா பண்ணின வேலையாச்சேன்னு சபீனாவுக்குத் தாங்கலை. ஜூஸ் மேசையில கிடந்த எலுமிச்சை மூடியை எடுத்துட்டு வந்து, செவப்பைப் போக்கலாம்னு துணியில தேச்சா. தேச்ச இடம் பளிச்சுன்னு மஞ்சள்! அவ்வளவுதான், அழிக்க வந்தவ இலை வரைய ஆரம்பிச்சுட்டா. மத்த பிள்ளைங்களும் ஆளுக்கொரு மூடியோட பாய்ஞ்சாங்க. செவப்புல இலை இலையா மஞ்சள் முளைக்குது. சிஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினாங்க. சபீனா கையில இருந்த மூடியை வாங்கி, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு, ஓரமா ஒரு கோடு போட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி: "இது கெமிஸ்ட்ரின்னு முதல்லயே சொல்லக் கூடாதா மாஷே? ரூமை வெச்சுக்கோங்க, கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கட்டும்."

அப்படித்தாங்க, பத்தாம் கிளாஸ்ல கெமிஸ்ட்ரி பேப்பரைப் பார்த்து முழிச்ச நான், அது ஏன் செவந்துச்சு ஏன் மஞ்சளாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாமலே, அந்த ஸ்கூலுக்கு கெமிஸ்ட்ரி மாஷ் ஆனேன்.