பட்டு அவளுக்கு, பழம்புடவை எனக்கு

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மத்தூர் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். இதைத் தம்பிதான் எழுதுவதாக இருந்தது. "எனக்கு அழுகதான் வருது, நீயே எழுதுக்கா" என்று ஒதுங்கிவிட்டான். அவன் எழுதியிருந்தால் எல்லாரையும் புகழ்ந்திருப்பான். நான் அப்படிப்பட்டவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வாழ்க்கைப்பட்டு வந்தது மத்தூருக்கு. நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். இருந்த கொஞ்ச நிலத்தில் கேழ்வரகும் தக்காளியும் போட்டு, மற்றவர் நிலத்தில் களையெடுத்து, எங்கள் இருவரையும் அம்மா ஆளாக்கினார். எத்தனை வேலை இருந்தாலும் துணி வெளுப்பதில் மட்டும் குறை வைக்க மாட்டார். எங்கள் வீட்டுக் கொடியில் காயும் போர்வையைப் பார்த்து, "இது போத்திக்கறதுக்கா, சாமிக்குச் சாத்தறதுக்கா?" என்று தெருவில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் வயதான காலத்தில் இரவில் படுக்கை நனையத் தொடங்கியது.

இதை மலரில் எழுதலாமா என்று தாய்மாமா கேட்டார். எழுதலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் ஓசூரில் இருக்கிறேன். கணவருக்குக் கம்பெனி வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். இரண்டு படுக்கையறை வீடு, அதில் ஒன்று அம்மாவுக்கென்றே ஒதுக்கியது. அம்மா காலையில் வருவார், மத்தியானம் சாப்பிடுவார், வெயில் சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். தங்கச் சொன்னால், "பொண்ணு குடுத்த வூட்ல ராத்திரி படுத்து எழுந்திரிக்கறது மொறையில்ல பாப்பா" என்பார். முறையாம்! பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா மாதக்கணக்கில் மகள் வீட்டில்தான் இருக்கிறார். ஊர் ஒன்றும் இடிந்து விழவில்லை.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். காரணத்தின் பெயர் மஞ்சுளா. மத்தூரில் அம்மாவோடு இருக்கும் தம்பியின் மனைவி. தளிப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். வந்த புதிதில் அவள் பேசும் தமிழுக்கு நாங்கள் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். பிறகு அம்மாவே அவளோடு அரைகுறைக் கன்னடம் பேசத் தொடங்கினார். பெற்ற மகளோடு போனில் இரண்டு வார்த்தை. மருமகளோடு நாள் முழுக்கப் பேச்சு. வயிறு எரிந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்போது மஞ்சுளாவின் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை வந்தது. அவள் தளிக்குப் போய்ச் சில வாரங்கள் இருந்தாக வேண்டும். தம்பிக்கோ இரவு ஷிப்டு. அம்மா என் வீட்டுக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. புது மெத்தை வாங்கிப் போட்டேன். அம்மாவைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்பு மஞ்சுளா மட்டும் தனியாக வந்து, சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அத்தைக்கு ராத்திரில படுக்கை நனையுது. ரெண்டு வருசமா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

இரண்டு வருடமாக என் அம்மாவின் கஷ்டம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய பொறாமை என் வாழ்க்கையில் வந்ததில்லை.

அவள் விவரம் சொல்லச் சொல்ல இன்னும் எரிந்தது. அம்மாவை அவள் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். சிறுநீரையும் சர்க்கரையையும் சோதித்துவிட்டு, இரத்த அழுத்தத்துக்கு இரவில் விழுங்கிக்கொண்டிருந்த நீர் மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றியிருக்கிறார். அதிலேயே பாதி குறைந்ததாம். தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. பகலில் நன்றாகக் குடிக்க வைத்து, விளக்கு வைத்த பிறகு குறைத்துக்கொள்ள வேண்டும். படுக்கப் போகுமுன் ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், வழியில் விளக்கு எரிய வேண்டும். மெத்தை மேல் ரப்பர் ஷீட்டு, அதன் மேல் நாலாக மடித்த பழைய பருத்திப் புடவை, இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும். நனைந்தால் அதை மட்டும் உருவிவிட்டு வேறு போடலாம். விரிப்பு முழுவதையும் கலைக்க வேண்டாம்.

"கடையில விக்கற பிளாஸ்டிக் உறைய அப்படியே போடாதீங்க அக்கா. சூடு. முதுகு வேர்த்துப் புண்ணாயிடும்."

நான் கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறையை அன்று சாயங்காலமே வாங்கி வந்தேன். அவள் சொல்லி நான் கேட்பதா? பிறகு அதன் மேல் நானே படுத்துப் பார்த்தேன். புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம், முதுகெல்லாம் கசகசப்பு. வேறு வழியில்லாமல் பழைய புடவைகளைத் தேடி எடுத்து மடித்துப் போட்டேன். அம்மா வந்ததும், "பாரும்மா, எப்படி யோசன பண்ணியிருக்கேன்" என்றேன். அம்மா படுக்கையைத் தடவிப் பார்த்தார்.

"மஞ்சுளா சொன்னாளா?" என்றார்.

மறுநாள் காலை காபியோடு போனால் அறையில் அம்மா இல்லை. படுக்கையில் புடவை இல்லை. குளியலறையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நனைந்த புடவையைப் பக்கெட்டில் அழுத்திக்கொண்டிருந்தார். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"அவளக் கூப்புடுவ, என்கிட்ட ஒளிப்பியா? நான் உன் பொண்ணா, அவ உன் பொண்ணா?" என்று கத்திவிட்டேன்.

அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மா சொன்னார்:

"அவ மொகம் சுளிச்சான்னா நாலு வார்த்த திட்டிப்போட்டு உக்காந்துக்குவன். மாமியாக்காரி திட்டறது ஊர்ல இல்லாததா? நீ மொகம் சுளிச்சா நான் எங்க போவன் பாப்பா?"

நான் எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவள் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? கம்பளிப்பூச்சியைப் பார்த்தால், களி கட்டி தட்டினால், கல்யாண வீட்டில் சாம்பார் ஆறியிருந்தால். அம்மா வளர்த்த முகம்தானே இது.

"சுளிச்சா என்னையும் நாலு வார்த்த திட்டும்மா" என்றேன்.

அடுத்த நாள் காலை உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாப்பா, நனைஞ்சிபோச்சி, வா." நான் ஓடினேன். துடைத்து, ஈரம் போக ஒற்றி, வேறு புடவை போட்டேன். நனைந்ததைத் துவைக்க உட்கார்ந்தபோது அம்மா கதவருகில் நாற்காலி போட்டுக்கொண்டார். "மொதல்ல பச்சத் தண்ணில அலசுடி. எடுத்ததும் சோப்பப் போட்டா நாத்தம் போவுமா? மஞ்சுளா எப்படி வெளுப்பா தெரியுமா?" திட்டு விழுந்துகொண்டே இருந்தது. நான் சிரித்துக்கொண்டே அலசினேன். அன்று என் வீட்டு பால்கனிக் கொடியில் அம்மாவின் புடவை காய்ந்தது.

மஞ்சுளாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும் என்றுதான். அவளோ, "அப்பாடா, இனி எனக்குப் பயமில்ல அக்கா" என்றாள். அதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

என் வீட்டில் இருந்தபோதுதான் அம்மா சிங்காரப்பேட்டைச் சித்தியோடு போனில் பேசினார். சித்தி எந்த விசேஷத்துக்கும் போய்த் தங்குவதில்லை என்று எல்லாரும் குறை சொல்வார்கள். அம்மாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. "எனக்குந்தான் படுக்க நனையுது. அதுக்கு என்னா இப்ப? நாலு பழம்பொடவய மூட்ட கட்டிக்கிட்டு வந்து சேரு" என்றார். சித்தி வந்தார். அக்காளும் தங்கையும் ஒரே அறையில் படுத்துச் சிரித்த சிரிப்பு ஹாலுக்குக் கேட்டது. அதனால்தான் இதை எழுதலாம் என்றேன். உங்கள் வீட்டிலும் வெயில் சாய்வதற்குள் கிளம்பும் பெரியவர் ஒருவர் இருக்கலாம்.

அதன் பிறகு அம்மா மத்தூருக்கும் ஓசூருக்குமாக இருந்தார். கடைசி நாட்களில் மத்தூரில், தன் வீட்டில், வெளுத்த விரிப்பின் மேல் நிம்மதியாகக் கண் மூடினார். முதுகில் ஒரு புண் இல்லை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு மஞ்சுளாவுக்கு. எழுதும்போது கை வலிக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அம்மாவைப் பார்த்த டாக்டருக்கும், மருந்து வாங்கிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், துக்கத்தில் உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரியம் முடிந்த அன்று நானும் மஞ்சுளாவும் உள்ளறையில் அம்மாவின் புடவைக்குச் சண்டை போட்டோம் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. உண்மைதான். ஆனால் பட்டுக்கு இல்லை. பட்டு இரண்டையும் அவள் மடியில் நான்தான் வைத்தேன். அவள் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, மடித்து மடித்து நைந்துபோன பருத்திப் புடவை மூட்டையை எடுத்து, "இது மட்டும் எனக்கு அக்கா" என்றாள். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

நான் மூத்தவள்; ஜெயித்துவிட்டேன். மூட்டை ஓசூரில் என் அலமாரியில் இருக்கிறது. ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். மஞ்சுளா, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். உனக்கு நன்றி எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். புடவை தர மாட்டேன்.