அக்கா இறங்கவில்லை

என் அக்கா லோகநாயகியைப் பார்த்து யாராவது "பாவம், சர்க்கஸ்காரி" என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பாவமாம்! தாத்தா காலத்திலிருந்து அந்தரத்தில் ஊஞ்சல் போலத் தொங்கும் கம்பியில் பார் ஆட்டம் ஆடிய குடும்பம் எங்களுடையது. நான் ஒருத்திதான் நாற்காலி மேல் ஏறினாலே தலைசுற்றும் பிள்ளை. சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவர்களுக்கு மினுமினுக்கிற உடுப்பெல்லாம் நான்தான் தைக்கிறேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்கள் பாரை விட்டுப் பறப்பார்கள். எதிர்ப் பாரில் ஆண்கள் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கி அவர்களைப் பிடிப்பார்கள். பிடிக்கிறவருக்குக் கேட்சர் என்று பெயர். பறக்கிறவள் தானாக எதையும் பற்றப் போகக் கூடாது. கையை நீட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், மற்றது கேட்சர் பாடு. அக்கா இருபது வருஷம் அப்படித்தான் கையை நீட்டினாள். பிடித்தவர் அவள் கணவர் ராபர்ட் மாமா.

2011 கோடை விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுத் தைத்த உடுப்புகளோடு போயிருந்தேன். அங்கே வைத்து மாமாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. கை தலைக்கு மேல் எழும்பவில்லை. மேனேஜர் சுப்பராயலு பார் ஆட்டத்தையே எடுத்துவிடப் பார்த்தார். அக்காவும், பதினெட்டு முடிந்து அப்போதுதான் ஆட்டத்துக்கு வந்திருந்த அவள் மகள் சுவேதாவும் இனிமேல் அலங்காரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு கீழே சுற்றி வந்தால் போதுமாம்.

"நான் தொங்குறேன். எம் பொண்ணு பறக்கட்டும்" என்றாள் அக்கா.

"பொம்பள கேட்சரா? எங்கனா உண்டாம்மா?"

"இங்க உண்டு."

"ஒன் கை என் கைய விட கெட்டி, லோகு" என்றார் மாமா. அந்த ஒரு பேச்சுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே, "ஒரே ஒரு ஷோ. தவறுச்சின்னா ரெண்டு பேரும் குடைதான்" என்றார்.

காலையில் பழகும்போதெல்லாம் அக்கா சரியாகத்தான் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கும் பேண்டு சத்தமும் சேர்ந்ததும் பழைய பழக்கம் வந்து குறுக்கே நின்றது. சுவேதா பறந்து வந்து கையை நீட்டினாள். அக்காவும் நீட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்! இரண்டு பேருமே மற்றவர் பிடிப்பார் என்று இருந்தால் யார்தான் பிடிப்பது? விரல்கள் உரசிக்கொண்டு விலகின. பிள்ளை கீழே வலையில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை.

மேனேஜர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "எம்மா, எறங்கு! அவ்ளோதான்" என்றார்.

அக்கா தலைகீழாகத் தொங்கியபடியே கத்தினாள். "எறங்க மாட்டேன்! தைரியம் இருந்தா மேல வந்து எறக்குய்யா!"

ஏணியில் நான்கு படி ஏறத் தெரியாத மனுஷன், என்ன செய்வார்? கூட்டம் விசிலடித்தது. சுவேதா யாரையும் கேட்கவில்லை. வலையிலிருந்து குதித்து நேராக ஏணிக்கு ஓடினாள். பேண்டுக்காரர் தானாகவே டிரம்மை உருட்டத் தொடங்கினார்.

மறுபடியும் பறந்து வந்தாள் பிள்ளை. இந்தத் தடவை அக்கா கையை நீட்டிக் காத்திருக்கவில்லை, எகிறிப் பறித்தாள். சுவேதாவின் இரண்டு மணிக்கட்டும் அவள் பிடிக்குள் இருந்தன. நான் வெட்கமில்லாமல் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். தலை சுற்றவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் சுவேதா கையைக் காட்டினாள். அக்காவின் பத்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"அடுத்த ஷோல கொஞ்சம் லேசா புடிம்மா, வலிக்குது."

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மகளுக்குப் பதில் சொன்னாள்.

"பழகிக்கோ. இனிமே நாந்தான் புடிப்பேன்."