ஓரகத்தி சாட்சி

கம்பெனியை மூடியபோது எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. இன்னொரு வேலை கிடைக்காமலா போகும் என்று கொஞ்சம் திமிராகவே இருந்தேன். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையும் இனிமேல் செல்லாது என்று தெரிந்தபோதுதான் பயம் வந்தது. அந்த அட்டையைக் காட்டித்தான் மனநல டாக்டர் ஒருவரிடம் மாதாமாதம் போய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். அவரும் அந்தச் சமயம் பார்த்து மகனோடு இருக்க வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார். நல்ல மனிதர், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் அவரை வாயாரத் திட்டினேன்.

மாத்திரை விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வருவார். மற்றவர்களிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தோம். மற்றவர்கள் என்றால் முக்கியமாக என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. முதலியார்பேட்டையில் ஒரே வீடு, அவள் கீழே, நான் மாடியில். தண்ணீர் மோட்டார், வாசல் கோலம், கொடியில் காயும் துணி என்று எதை எடுத்தாலும் எங்களுக்குள் சண்டைதான். இந்த விஷயம் அவள் வாயில் விழுந்தால் வீராம்பட்டினம் தேருக்கு வருகிற கூட்டத்துக்கே தெரிந்துவிடும் என்று பயம்.

தெரிந்த முகம் இருக்காது என்று பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் போய் டாக்டர் எழுதிய பழைய சீட்டை நீட்டினேன். கடைக்காரர் தேதியைப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரையைப் புதுச் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்றார். பாவம், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எனக்குத்தான் தெருவே காது கொடுத்துக் கேட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. கொஞ்ச நாளில் எழுந்து பல் விளக்குவதே பெரும் வேலையாகிவிட்டது. சமைத்தேன், படுத்தேன், சுவரைப் பார்த்தேன். பழைய இருட்டுக்கே திரும்பிப் போய்விடுவேனோ என்று நடுங்கினேன்.

அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மாத்திரை கொடுக்கிறார்கள், போய்ப் பார் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். போனேன். மனநலப் பிரிவில் என் முறை வந்தபோது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். யாரும் இல்லை என்றேன். முதல் தடவை வருகிறவர்களோடு வீட்டில் இருக்கும் ஒருவர் வர வேண்டும், டாக்டர் அவரிடமும் பேசுவார், நாளைக்கு அழைத்து வாருங்கள் என்றார். வேறு சமயமாக இருந்தால் நான் என்ன சின்னப் பிள்ளையா என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வரும் ஞாயிறு வரை மாத்திரை தாங்காது. தாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரிவு கிடையாது. வேறு வழியில்லாமல் கீழே இறங்கினேன். தைராய்டுக்குக் காட்ட வேண்டும், நாளைக்குக் கூட வர முடியுமா என்று ஓரகத்தியிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஒரு குத்தல் பேச்சுகூட இல்லை.

மறுநாள் அவள் பாட்டுக்கு முன்னால் நடந்து பொது மருத்துவ வரிசையில் போய் நின்றாள். அங்கே இல்லை, இந்தப் பக்கம் என்றேன். வந்தாள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் படித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

டாக்டர் ஒரு இளம்பெண். என்னிடம் எல்லாம் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, வீட்டில் இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்து வழக்கையும் அவிழ்க்கப் போகிறாள்.

"இவ வாய் சும்மாவே இருக்காது மேடம்," என்று ஆரம்பித்தாள். "தண்ணி ஒரு சொட்டு வழிஞ்சா மாடியிலேர்ந்து கத்துவா. இப்ப கொஞ்ச நாளா ஒரு வார்த்த கேக்கறதில்ல. நானே வேணும்னு மோட்டார நிறுத்தாம விட்டுப் பாத்தேன். டேங்க் ரொம்பி ஊத்துது, அப்பவும் இவ வரல. எனக்கு பயமாயிடுச்சு மேடம். நல்லா பாருங்க."

டாக்டர் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார். மாத்திரையை உடைத்துச் சாப்பிட்டதற்கு என்னைக் கண்டித்தார். அதே மாத்திரை இங்கேயே இருக்கிறது, மாதாமாதம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஓரகத்தி என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், எழுந்து வா என்றாள்.

மாத்திரை கைக்கு வந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்றேன்.

"நான் ஏன் சொல்றேன். தைராய்டுன்னே சொல்லிக்கிறேன். அடுத்த மாசம் எந்தக் கிழமைன்னு மட்டும் முன்னாடியே சொல்லு. வெள்ளிக்கிழமைன்னா எனக்கு ஆவாது."

வெள்ளிக்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"ஏன், உனக்கு வேற நாளே கெடைக்கலையா?" என்றாள்.

நாளை நானா குறித்தேன், பக்கத்தில்தானே நின்றீர்கள், அப்போதே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று நானும் சுள்ளென்று கேட்டேன். அவள் இடுப்பில் கைவைத்து என் பக்கம் திரும்பினாள், முகமெல்லாம் சந்தோஷம்.