இரண்டு கட்டங்களும் ஒரு மிடறு தண்ணீரும்

இராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரைப் பேருந்துகள் நிற்பதற்காக அக்காள்மடத்துக்கு அருகே ஒரு திடல் தயாராகிக்கொண்டிருந்தது. பேருந்துகளுக்கான வெள்ளைக் கோடுகள் போட்டு முடிந்திருந்தன. அவற்றின் ஓரமாக, நடந்து செல்வோருக்கு அச்சுக் கான்கிரீட் பாதை அமைந்துகொண்டிருந்தது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே வண்ணப்பொடி தூவி, ரப்பர் அச்சுகளை வைத்து மிதித்தால், கருங்கல் பாவியதுபோல் தெரியும். பதினெட்டுக் கட்டங்களில் பதினாறு முடிந்திருந்தன. ஆடி அமாவாசைக்கு ஏழு நாள் இருந்தது. கடைசிக் கட்டத்தை ஐந்து நாளாவது நனைத்து வைத்த பிறகுதான் மக்களை நடக்கவிடலாம் என்பதால், கைவசம் மிச்சம் ஒரே நாள்தான்.

வேலையை நடத்தியவர் இராமலட்சுமி, வயது நாற்பத்தொன்று. உத்தரகோசமங்கைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, இருபத்தாறு வயதுவரை பிறர் நிலத்தில் மிளகாய் நட்டவர். பிறகு சித்தாளாக மணல் சுமந்தார். சாலையில் கோடு போடுபவர் வராத ஒரு நாள், இவரை நூல் பிடிக்கச் சொன்னார்கள். நாற்பது மீட்டர் நூலில் ஒரு விரற்கடை விலகலை நின்ற இடத்திலிருந்தே சொன்னார். அதன்பின் அவரை மணல் சுமக்க யாரும் அனுப்பவில்லை. கோடு, வண்ணம், அச்சு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, இந்தத் திடலில்தான் முதன்முறையாக மேஸ்திரி ஆனார். அப்போது பொறியாளர் யோகேஸ்வரன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு கட்டம் கெட்டாலும் மறுநாள் பழையபடி சட்டி தூக்கணும்மா. சம்மதம்னா பேரை எழுதுறேன்."

சம்மதித்தார். அன்றிலிருந்து வேலைப் பதிவேட்டில் மறுநாளுக்கான பக்கத்தை யோகேஸ்வரன் முந்தின மாலையே திறந்து, 'மேஸ்திரி' என்ற வரிக்கு எதிரே அவர் பெயரை எழுதிவந்தார். அதே பக்கத்தில் 'நீர்ச் சோதனை' என்றொரு வரியும் உண்டு. அதில் கடந்த நாற்பத்திரண்டு நாளும் ஒரே குறிப்பு: 'சுவைத்தது. சரி. இராமலட்சுமி.' டேங்கர் வந்ததும் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். கலவையில் உப்புநீர் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி வலை துருப்பிடிக்கும். மேலே வெள்ளை பூத்து வண்ணத்தைத் தள்ளிவிடும்.

அன்று வழக்கமான டேங்கர் வரவில்லை. வேறொரு கிணற்றிலிருந்து வேறொரு வண்டி வந்தது. இராமலட்சுமி குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணிதான், எறக்கு" என்றார். காலை 6.40க்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசியது. மேற்பரப்பு காய்ந்து வெடிக்காதபடி காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டினார்கள். 7.50க்குப் பதினேழாம் கட்டத்தில் அச்சு பதிந்துவிட்டது. இதுவரை செய்தவற்றில் அதுவே அழகாக வந்திருந்தது. பதினெட்டாம் கட்டத்தைப் பரப்பி மட்டம் தட்டியபோது மணி 8.05. வண்ணப்பொடி தூவும் முஹைதீன், பாம்பனில் பிறந்து வளர்ந்த இளைஞன், கை கழுவிய பின் டேங்கர் குழாயிலேயே வாய் வைத்தான். உடனே துப்பினான்.

"லெட்சுமிக்கா, என்ன தண்ணி இது? கரிக்குது!"

கலவை இயந்திரத்தருகே நின்ற கோகிலா சிரித்தாள். அவள் இராமலட்சுமியின் நாத்தனார், அதே ஊர். ஒரு கை அள்ளிக் குடித்தாள். "நல்ல தண்ணிதான மதினி? இவன் கடல்லயே கெடந்துட்டு நம்மகிட்ட கரிக்குதுங்கிறான்."

"கடல்ல கெடக்கோம், கடலயா குடிக்கோம்? எங்க தீவுல மண்ணத் தோண்டுனா சீனித் தண்ணி. உங்க ஊருல ஊருணி வத்துனா எதக் குடிப்பிய?"

இராமலட்சுமிக்கு ஊர் நினைவு வந்தது. பங்குனியில் ஊருணி வற்றிவிடும். பிறகு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு வருவார்கள். இலேசாகக் கரிக்கும் அந்த நீருக்கு ஊரில் 'நல்ல தண்ணி' என்றுதான் பெயர். வாயில் வைக்க முடியாததுதான் அவர்களுக்கு உப்பு. இத்தனை நாளும் வந்தது முஹைதீனுக்கும் கரிக்காத கிணற்று நீர். அதனால் இவருடைய நாக்குக்குச் சோதனை வரவேயில்லை.

மறுபடி ஒரு மிடறு குடித்தார். நல்ல தண்ணீராகவே இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"முஹைதீனு, ஒன் பாட்டில் தண்ணியக் கொண்டா."

கலவை இயந்திரத்தின் கொதிக்கும் எஞ்சின் மூடியைத் துணியால் துடைத்தார். ஒரு பக்கம் பாட்டில் நீரிலிருந்து ஒரு சொட்டு, மறுபக்கம் டேங்கர் நீரிலிருந்து ஒரு சொட்டு. இரண்டும் சீறி வற்றின. முதல் இடத்தில் மங்கலான ஒரு தடம். இரண்டாவது இடத்தில், சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் வெள்ளை வட்டம்.

யோகேஸ்வரனைக் கைப்பேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. இராமநாதபுரத்திலிருந்து ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கான்கிரீட் கம்பி வலையைக் கவ்விப் பிடித்துவிடும். அப்புறம் உடைப்பதென்றால் பக்கத்துக் கட்டங்களும் விரிசல் விடும்.

கோகிலா குரலைத் தாழ்த்தினாள். "மதினி, வெள்ள பூக்க ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள நாம வேற ஊருல நிப்போம். இப்ப அள்ளுனீயன்னா நாளைக்கே சட்டிதான், தெரியும்ல?"

"தெரியும்டி."

"எடுத்துட்டா அப்பறம் வைக்க முடியாதுக்கா," என்றான் முஹைதீன். அவன் முகத்தில் கேலி இல்லை. "சார் வரட்டுமே."

இராமலட்சுமி பதினேழாம் கட்டத்தின் ஓரத்தில் கட்டை விரலை அழுத்தினார். இலேசாகத்தான் பதிந்தது. மணி 8.20. மண்வெட்டியை எடுத்து, அச்சு பதிந்த கல் வரிகளின் நடுவே முதல் வெட்டை அவரே வெட்டினார்.

"நிக்காதிய. மொதல்ல இத, பெறகு அத."

யோகேஸ்வரன் 9.25க்கு வந்தபோது இரண்டு கட்டங்களிலும் ஜல்லிப் படுகை மட்டுமே தெரிந்தது. அள்ளிய கான்கிரீட் ஓரத்தில் குவியலாக இறுகிக்கொண்டிருந்தது. கம்பி வலையைக் கோகிலா எல்லாருடைய பாட்டில் நீராலும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு அள்ளச் சொன்னது?"

"நாந்தான் சார். தண்ணி உப்பு. குடிச்சுப் பாத்துத்தான் எறக்கச் சொன்னேன். எனக்குத் தெரியல. இவந்தான் கண்டுபிடிச்சான்."

இயந்திரத்தின் மூடியைக் காட்டினார். யோகேஸ்வரன் வெள்ளை வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பதிவேட்டை எடுத்துப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். 'சுவைத்தது. சரி.' ஒவ்வொன்றின் கீழும் யோகேஸ்வரனுடைய கையெழுத்து. உப்பளக்கும் கருவி ஒன்று, பேட்டரி வாங்காததால், அலுவலக அறையில் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அவர் பார்வை அந்த அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"கைவசம் இருந்த ஒரு நாளும் போச்சு."

"ஆமா சார்."

"நாளைக்கு ரெண்டும் முடியுமா?"

"தண்ணி நல்லாருந்தா முடியும்."

'நல்லாருந்தா' என்ற சொல்லைக் கேட்டு முஹைதீன் சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொண்டான். யோகேஸ்வரன் அன்றைய பக்கத்தில் எழுதினார்: 'கட்டம் 17, 18 அகற்றப்பட்டன. காரணம்: உவர்நீர்.' பிறகு மறுநாளுக்கான பக்கத்தைத் திருப்பினார். பேனா 'மேஸ்திரி' என்ற வரியில் நின்றது. இராமலட்சுமி மண்வெட்டியைக் கழுவப் போனார். யோகேஸ்வரன் எழுதுவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை 5.50க்கு வழக்கமான டேங்கர் வந்து நின்றது. மணல் சுமக்கும் சட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு இராமலட்சுமி நேராகப் போய், மேலே இருந்த சட்டியை எடுத்தார்.

"அத எதுக்கு எடுக்கிய?" கோகிலா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இங்கன பாருங்க மதினி!"

'மேஸ்திரி: இராமலட்சுமி.' அதன் கீழே, 'நீர்ச் சோதனை: முஹைதீன். கருவிக்குப் பேட்டரி வரும்வரை.'

இராமலட்சுமி சட்டியை வைத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்து முஹைதீனிடம் நீட்டினார். அவன் வாயில் ஊற்றி, கண்ணை மூடி, வேண்டுமென்றே வெகுநேரம் கொப்பளித்தான்.

"சீக்கிரம் சொல்லுலே, காத்து ஏறுது!"

"சீனித் தண்ணிக்கா," என்றான். கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது.